திருப்பத்தூர், சிங்கம்புணரி பக்கம் கண்மாயில் தூண்டில் போட எங்கே போகலாம்?

கோவை_தக்கை:

எல்லோருக்கும் வணக்கம். மனைவியின் சொந்த ஊர் சிவகங்கை மாவட்டத்தில், திருப்பத்தூருக்கும் சிங்கம்புணரிக்கும் நடுவில் ஒரு சின்ன கிராமம். இந்தப் பொங்கலுக்குப் போனால் பத்து நாள் அங்கேதான். பையனுக்குப் பத்து வயது, என்னைவிட அவனுக்குத்தான் தூண்டில் மேல் ஆசை அதிகம். கோவையில் காசு கட்டிப் பிடிக்கும் தனியார் குட்டைகளில் இரண்டு பேரும் உட்கார்ந்திருக்கிறோம், ஆனால் அங்கே மீனைக் கொட்டி வைத்திருப்பார்கள், போட்டதும் கடிக்கும், அதில் பையன் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை.

அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் ஜன்னல் வழியே பார்க்கும் இடமெல்லாம் கண்மாயாக இருக்கிறது. எதில் போடலாம், எதில் போடக் கூடாது என்று எனக்குத் தெரியவில்லை. யாரிடமாவது கேட்க வேண்டுமா, சீட்டு ஏதாவது வாங்க வேண்டுமா? தை மாதத்தில் என்ன மீன் கிடைக்கும், என்ன இரை? எனக்கு ரப்பர் தவளை போட்டு விரால் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை, அதற்கு ஏற்ற கண்மாய் எது? தெரிந்தவர்கள் இடத்தை மேப்பில் குறித்து அனுப்பினால் நேராகப் போய்விடுவேன். பையனோடு போவதால் பாதுகாப்பான கரையாக இருந்தால் நல்லது.


கலுங்கடி:

தம்பி, நான் அந்தப் பக்கத்துக்காரன்தான். பெயர் சொல்லி ஒரு கண்மாயைக் காட்டிவிடலாம், ஆனால் அது உங்களுக்கு உதவாது. போன வருடம் நன்றாகக் கடித்த கண்மாய் இந்த வருடம் தண்ணீர் வராமல் கிடக்கும், இல்லை என்றால் குத்தகை கை மாறியிருக்கும். எங்கள் பக்கம் வற்றாத ஆறு கிடையாது. சிங்கம்புணரி வழியாக ஒரு பாலாறு ஓடுகிறது, வட மாவட்டத்துப் பாலாறு இல்லை, கரந்தமலையில் இருந்து வருவது, அதிலும் மழைக்கு மட்டும்தான் தண்ணீர். மற்றபடி எல்லாமே ஐப்பசி கார்த்திகை மழைதான். ஒரு கண்மாய் நிறைந்து கலுங்கில், அதாவது மிச்சத் தண்ணீர் வெளியேறும் வழியில், வழிந்து அடுத்த கண்மாய்க்குப் போகும், அது நிறைந்து அதற்குக் கீழே உள்ளதற்குப் போகும். மீனும் அந்த வழியில்தான் இறங்கும், ஏறும். அதனால் அந்தந்த வருடத்துத் தண்ணீரைப் பார்த்துத்தான் இடம் சொல்ல முடியும்.

அதற்கும் முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது, அந்த மீன் யாருடையது என்பது. பார்க்கக் கேட்பாரற்றுக் கிடப்பது போல் இருக்கும், உண்மையில் கேட்க ஆள் இல்லாத கண்மாயே கிடையாது. பாசன ஆயக்கட்டு, அதாவது தண்ணீர் பாயும் வயல் பரப்பு, 100 ஏக்கருக்குள் இருந்தால் அது ஊராட்சி ஒன்றியத்தின் கண்மாய், அதற்கு மேல் என்றால் பொதுப்பணித்துறை, இப்போது நீர்வளத்துறை என்கிறார்கள். பெரும்பாலும் மீன்பாசியை, அதாவது மீன் பிடிக்கும் உரிமையை, ஏலம் விடுவார்கள். பசலிக் கணக்கு, அதாவது ஜூலையில் தொடங்கி அடுத்த ஜூனில் முடியும். ஏலம் எடுத்தவர் மழைத் தண்ணீர் வந்ததும் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சு வாங்கி விட்டுவிட்டு, சித்திரை வைகாசியில் தண்ணீர் குறையும்போது வலை போட்டுப் பிடித்து விற்பார். சீட்டு என்று எதுவும் கிடையாது, அவர் சம்மதிப்பதுதான் சீட்டு.

இன்னொரு வகை இருக்கிறது. சில ஊர்களில் ஏலம் விடாமல் மீனை ஊருக்கென்றே விட்டு வைப்பார்கள். கோடையில் தண்ணீர் முழங்காலுக்கு வந்ததும் ஒரு நாள் குறித்து, சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் சொல்லி அனுப்பி, அன்றைக்கு ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும் ஆயிரக்கணக்கான பேர் ஒன்றாக இறங்குவார்கள். கண்மாய் அழிகிறது என்போம். மேலூர், நத்தம், சிங்கம்புணரி, பொன்னமராவதி, துவரங்குறிச்சி என்று அந்த வட்டாரம் முழுக்க இந்த வழக்கம் உண்டு. அன்று பிடித்த மீனை விற்க மாட்டார்கள், வீட்டுக்குக் கொண்டு போய் சமைத்துச் சாப்பிடுவார்கள், அப்படிச் செய்தால் அடுத்த வருடம் மழையும் விளைச்சலும் நன்றாக இருக்கும் என்று நம்பிக்கை. இந்த மாதிரிக் கண்மாயில் தை மாதத்தில் வெளியூர்க்காரர் தூண்டிலோடு நின்றால் ஒரு ஆள் இல்லை, ஊரே வந்து கேட்கும். குத்தகைக் கண்மாயைவிட இதில்தான் அதிகக் கவனம் வேண்டும்.

ஆகவே, நீங்கள் மேப் தேடாமல் உங்கள் மாமனாரையோ மச்சானையோ பிடியுங்கள். உங்கள் மனைவியின் ஊர்க் கண்மாயில் இந்த வருடம் குத்தகை யார் என்று அவர்களுக்குத் தெரியும். முதல் நாள் சாயங்காலமே போய்ப் பேசிவிடுங்கள். பொங்கலுக்கு வந்த மாப்பிள்ளை, கூடப் பத்து வயதுப் பிள்ளை, இரண்டு தூண்டில் என்றால் பெரும்பாலும் யாரும் மறுக்க மாட்டார்கள். நேராகப் போய்ப் போட்டுவிட்டு, காவல்காரர் வந்த பிறகு இன்னார் வீட்டு மாப்பிள்ளை என்று சொல்வது உங்கள் மாமனாருக்கு நல்லதில்லை.

அனுமதி கிடைத்த பிறகு எங்கே உட்காருவது என்பது. தை மாதத்தில் மழை சரியாகப் பெய்திருந்தால் கண்மாய் முக்கால் அளவாவது இருக்கும், மீன் பரந்து கிடக்கும். கரை நெடுக எல்லா இடமும் ஒன்றில்லை. மடைக்கு உள்பக்கம் ஆழம், பெரிய மீன் நிற்கும், ஆனால் மடை திறந்திருந்தால் அந்த இடத்தில் இழுப்பு இருக்கும், பையனை அங்கே தண்ணீரில் கால் வைக்க விடாதீர்கள். மடைக்கு வெளிப்பக்கம், வயலுக்குப் போகும் வாய்க்கால் தொடங்கும் இடத்தில் ஒரு சின்னத் தொட்டி மாதிரி இருக்கும், அதில் கெண்டை, கெளுத்தி, உளுவை எல்லாம் ஒதுங்கும், பையனுக்கு அதுதான் சரியான இடம். இடுப்பளவுகூட இருக்காது, கரை கெட்டியாக இருக்கும், கடித்தால் தக்கை (மிதவை) இழுப்பது தெளிவாகத் தெரியும். கலுங்கு வழிகிற நாளில் கலுங்கடியில் மீன் ஏறுவதைப் பார்க்கலாம், ஏத்து மீன் என்போம், புதுத்தண்ணி வாசம் பிடித்து மேலே ஏறத் துடிக்கும். ஆனால் அது கார்த்திகைச் சமாச்சாரம், பொங்கலுக்கு வழிவது அபூர்வம். வரத்துக்கால், அதாவது கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டு வரும் வாய்க்கால், வந்து சேரும் முகத்தில் இன்னும் ஈரம் ஓடிக்கொண்டிருந்தால் அதை விடாதீர்கள். உள்வாய்ப் பக்கம், அதாவது கரைக்கு எதிர்ப்பக்கம் தண்ணீர் மெலிந்து போகிற இடத்தில் கருவேல மரம் நிற்கும், அங்கே மீன் உண்டு, உங்கள் முள்ளும் நரம்பும், அதாவது தூண்டில் நூலும், மரத்துக்குத்தான் போகும்.

வண்டல் அள்ளிய பள்ளம் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். கண்மாய்க்குள் மண் எடுத்த இடங்களில் தண்ணீர் நிறைந்த பிறகு மேலே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டிருப்பவர் அடுத்த அடியில் ஆள் மட்டத்துக்கும் மேல் போய்விடுவார். நீச்சல் தெரிந்தவர்களே சேற்றில் மாட்டியிருக்கிறார்கள். மாட்டிய முள்ளை எடுக்க, விழுந்த தக்கையை எடுக்க என்று எதற்காகவும் பையன் இறங்கக் கூடாது. நரம்பை அறுத்துவிட்டு வேறு கட்டிக்கொள்ளுங்கள்.


மேலூர்_விரால்:

கலுங்கடி அண்ணன் சொன்னது முழுக்கச் சரி. விரால் பற்றி மட்டும் நான் சொல்கிறேன் நண்பரே, எனக்கு அதுதான் தெரியும்.

விராலுக்குத் தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று போதாது, மேலே வந்து வாயைத் திறந்து காற்று எடுத்தே ஆக வேண்டும். அதை வைத்துத்தான் அது எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்கிறோம். தண்ணீர் அசையாத நேரத்தில் கரையில் நின்று சத்தம் போடாமல் பாருங்கள், அல்லி, ஆம்பல் இலைகளுக்கு நடுவில், கோரை ஓரத்தில், ஒரு சின்ன 'ப்ளக்' சத்தமும் ஒரு வட்டமும் வரும். அந்த வட்டத்தின் மேலேயே தவளையைப் போடாதீர்கள், நான்கைந்து அடி தாண்டிப் போட்டு அதன் மேல் வருகிற மாதிரி இழுங்கள். இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுத்து. விரால் அடித்ததும் உடனே சொடுக்கினால் தவளை மட்டும்தான் திரும்பி வரும். அது கவ்வி உள்ளே இழுத்துக்கொண்டு போகும்வரை மூச்சை அடக்கிக் காத்திருந்து அப்புறம் சொடுக்க வேண்டும். நரம்புக்கு மெல்லிய தங்கூஸ், அதாவது நைலான் இழை, போதாது, 30 பவுண்டுக்குக் குறையாத பின்னல் நரம்பு வேண்டும், ஏனென்றால் அது முதலில் செய்வது செடிக்குள் தலையை நுழைப்பதுதான். 7 அடிக் கெட்டியான ராடு போதும்.

தை மாதத்தில் அதிகாலையில் போய்ப் பனியில் நடுங்க வேண்டாம். மேல் தண்ணீர் குளிர்ந்து கிடக்கும், வெயில் ஏறி ஒன்பது பத்து மணிக்கு மேல் ஓரத் தண்ணீர் சூடான பிறகுதான் விரால் மேலே வரும். மத்தியானம் மூன்று மணிவரை நல்ல நேரம். பங்குனிக்கு மேல் இது அப்படியே தலைகீழாகிவிடும், அப்போது விடிகாலையும் சாயங்காலமும்தான்.

இப்போது நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்ளும் விஷயம். மழைக்காலத்தில் முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, தாய் தகப்பன் இரண்டும் காவல் காக்கும் மீன் விரால். தண்ணீர் மேல் செக்கச்செவேல் என்று சின்னக் குஞ்சுகள் கூட்டமாகத் துள்ளிக்கொண்டு நகரும், அதற்குக் கீழே தாய் நிற்கும். தவளை எறிகிறவர்களுக்கு இதைப் பார்த்தால் கை துறுதுறுக்கும், ஏனென்றால் குஞ்சைக் காக்க அது எதையும் அடிக்கும், முதல் எறியிலேயே மாட்டும். வீடியோ போடுகிறவர்கள் பாதிப் பேர் இப்படித்தான் பிடிக்கிறார்கள். தாயை எடுத்த கொஞ்ச நேரத்தில் கெண்டையும் ஜிலேபியும் கொக்கும் சேர்ந்து அந்தக் குஞ்சுகளைத் தின்று முடித்துவிடும். ஒரு கிலோ மீனுக்காக ஒரு கண்மாயின் அடுத்த வருட விராலை அழிக்கிறோம். செங்குஞ்சு தெரிந்தால் அந்த இடத்தை விட்டு நகருங்கள். தை மாதத்திலும் சில கண்மாய்களில் குஞ்சோடு நிற்கும் ஜோடிகளைப் பார்க்கலாம்.

பெரிய நீர்நிலைதான் வேண்டும் என்றால் புதுக்கோட்டை கவிநாடு கண்மாய், ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய் எல்லாம் பார்க்கவே ஏரி மாதிரி பரந்து கிடக்கும், ஆனால் உங்களுக்கு அது தேவையில்லை, பெரிய தண்ணீரில் விராலைத் தேடுவது கஷ்டம். ஆற்று மீன் வேண்டும் என்றால் வைகையில் தண்ணீர் விட்டிருக்கும் நாட்களில் மதுரை விரகனூர் மதகணைப் பக்கம் தூண்டில்காரர்கள் நிற்பார்கள். பையனோடு அங்கே வேண்டாம், திறப்பு கூடினால் தண்ணீர் சட்டென்று ஏறும்.


மீன்பாசி:

நான் குத்தகை எடுக்கிறவன், புதுக்கோட்டை மாவட்டம். எங்கள் பக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன், கோபமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஏலத் தொகை கட்டி, குஞ்சு வாங்கி விட்டு, இரவுக் காவலுக்கு ஆள் போட்டு, மழை பொய்த்தால் எல்லாம் போய்விடும் தொழில் இது. மழை அதிகமானாலும் கஷ்டம், கலுங்கில் வலை கட்டி வைத்தாலும் பாதி மீன் அடுத்த கண்மாய்க்குப் போய்விடும். தை மாதத்தில் நாங்கள் விட்ட கட்லாவும் ரோகுவும் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் மீன்கள், கால் கிலோ அரை கிலோ இருக்கும். சித்திரையில் அதே மீன் நன்றாகப் பெருத்திருக்கும். வெளியூரில் இருந்து நான்கு பைக்கில் வந்து ஆளுக்கு மூன்று தூண்டில் போட்டு, புண்ணாக்கும் தவிடும் கொட்டி மீனைக் கூட்டம் சேர்த்து, அரை கிலோ மீனாகப் பையில் அள்ளிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. தூண்டிலில் என்ன பெரிதாகப் போய்விடும் என்பார்கள். ஒருவர் போட்டால் ஒன்றும் போகாதுதான். அவர் மேப்பில் இடத்தைக் குறித்து பத்துக் குழுவில் போட்டுவிட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை கரை முழுக்க ஆள். எனக்கே நடந்தது, அந்த வருடம் காவலுக்கு இரண்டாவது ஆள் போட வேண்டி வந்தது. ஆகவே தயவுசெய்து இந்த இழையில் யாரும் இடத்தைக் குறித்துப் போடாதீர்கள்.

அதே நேரம், கேட்டுவிட்டு வருகிறவர்களை நான் ஒரு நாளும் திருப்பி அனுப்பியதில்லை. சொல்லப்போனால் ஜிலேபி, கெளுத்தி, குரவை, விரால் பிடித்துக் கொண்டு போனால் எங்களுக்கு உதவிதான். ஜிலேபிக் கெண்டை 1952-இல் நம் நாட்டுக்குக் கொண்டு வந்த ஆப்பிரிக்க மீன், வாய்க்குள்ளேயே முட்டையை வைத்துக் காத்துக் குஞ்சு பொரிக்கும், அதனால் பெருகிக்கொண்டே இருக்கும், நாங்கள் போடும் தீவனத்தைப் பாதி அதுதான் தின்கிறது. கரையோரம் ஆழமில்லாத இடத்தில் வட்ட வட்டமாகச் சட்டி மாதிரி குழி தெரியும், அது ஜிலேபி போட்ட கூடு. அந்த இடத்தில் உட்கார்ந்து மண்புழு கோத்துப் போட்டால் பையன் கை ஓயாமல் பிடிப்பான்.

கண்மாயில் எது எங்கே நிற்கும் என்று தெரிந்தால் வளர்ப்பு மீனைத் தவிர்ப்பதும் எளிது. கட்லா மேல் தண்ணீரில் மேயும், ரோகு நடுவில், மிர்கால் அடியில் சேற்றைக் கிளறும். மாவு உருண்டைக்குத்தான் இந்த மூன்றும் வரும். மண்புழு மட்டும் கோத்து, ஓரத்திலேயே போட்டால் ஜிலேபியும் கெளுத்தியும்தான் வரும். தவறி ரோகு மாட்டினால் கையை நனைத்துக்கொண்டு முள்ளை எடுத்துத் திருப்பி விட்டுவிடுங்கள். காய்ந்த கையால் பிடித்தால் மேல் வழவழப்பு போய் அந்த மீன் பின்னால் புண் வந்து சாகும்.

ஒருவேளை ஆப்பிரிக்கக் கெளுத்தி மாட்டினால் மட்டும் திருப்பி விடாதீர்கள். வளர்க்கத் தடை செய்த மீன், அப்படியும் எங்கோ பண்ணைக் குட்டையில் இருந்து தப்பி வந்துவிடுகிறது. தட்டையான பெரிய தலை, வாயைச் சுற்றி எட்டு மீசை, முதுகு முழுக்க நீளமாக ஒரே துடுப்பு. கண்மாயில் இருக்கும் எதையும் விட்டு வைக்காது.


ஊருணிக்கரை:

கோவை அண்ணா, எனக்குத் திருப்பத்தூர் பக்கம்தான் பிறந்த ஊர். யாரும் சொல்லாமல் விட்ட இரண்டு இடங்களைச் சொல்கிறேன், இந்த இரண்டிலும் தூண்டிலே கூடாது.

ஒன்று கொள்ளுக்குடிப்பட்டி. மதுரை திருப்பத்தூர் சாலையில் போகும்போது மரமெல்லாம் வெள்ளையாகப் பறவை உட்கார்ந்திருக்கும், தண்ணீர் நிறைந்திருக்கும், பார்த்தால் யாருக்கும் இறங்கத் தோன்றும். அது வேட்டங்குடி பறவைகள் சரணாலயம், பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடி என்று மூன்று கண்மாய்களும் சேர்ந்தது, 1977-இல் அறிவித்தார்கள். அங்கே உள்ள மீன் பறவைகளுக்கானது. அந்த ஊர்க்காரர்கள் பறவை மிரண்டுவிடும் என்று தீபாவளிக்கு வெடியே வெடிப்பதில்லை, எத்தனையோ வருடமாக. பொங்கல் நேரத்தில் கூட்டில் குஞ்சு இருக்கும். பையனைக் கூட்டிப் போய்த் தூர நின்று காட்டுங்கள், நத்தைகுத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் பார்ப்பான், தூண்டிலை வண்டியிலேயே வைத்துவிட்டு.

இரண்டாவது, ஊருணி. எங்கள் பக்கம் கண்மாய் வேறு, ஊருணி வேறு. ஊருணி குடிதண்ணீருக்கு. நான்கு பக்கமும் படிக்கட்டும் சுற்றுச்சுவருமாக இருக்கும், சில ஊர்களில் கால் கழுவக்கூட விடமாட்டார்கள், செருப்போடு படியில் இறங்கக் கூடாது. தெளிந்த தண்ணீரில் மீன் கண்ணுக்குத் தெரியும், பிள்ளைகளுக்கு ஆசையாக இருக்கும். அதில் புழு கோத்த முள்ளைப் போட்டால் சண்டைதான். கோயில் தெப்பக்குளமும் அப்படியே.

மீன் பற்றிச் சொன்னால், எங்கள் வீட்டில் பெரிய மீனைவிட அயிரைக்குத்தான் மதிப்பு. அது தூண்டிலில் வராது, மணலும் தண்ணீரும் கலந்து ஓடும் வாய்க்காலில் துணி போட்டோ சின்னக் கச்சா வலை வைத்தோ பிடிக்க வேண்டும். உயிரோடு கொண்டு வந்து தண்ணீரில் கொஞ்ச நேரம் விட்டு, அப்புறம் தேங்காய்ப்பாலோ பசும்பாலோ ஊற்றினால் வயிற்றில் உள்ள மண்ணைக் கக்கிவிடும், கல்லுப்பு போட்டு அலசி, முழுசாகவே குழம்பில் போடுவோம். உங்கள் மாமியாருக்குத் தெரிந்திருக்கும், கேட்டுப் பாருங்கள்.

ஜிலேபியும் கெளுத்தியும் கண்மாய் மீன் என்பதால் சேற்று வாடை இருக்கும். செதிலை எடுத்துவிட்டு, வயிற்றுக்குள் இருக்கும் கறுப்புத் தோலைச் சுத்தமாக உரித்துவிட வேண்டும், பாதி வாடை அதில்தான். அப்புறம் கல்லுப்பும் புளித்தண்ணீரும் போட்டு இரண்டு மூன்று தடவை அலசினால் போதும். விராலுக்குச் சாம்பல் தொட்டுச் சொரசொரப்பான கல்லில் தேய்ப்போம், இல்லாவிட்டால் கையில் நிற்காது.

பிள்ளை விஷயத்தில் ஒன்று. கெளுத்தியை எப்படிப் பிடிப்பது என்று முன்பே சொல்லிக் கொடுங்கள். முதுகில் ஒரு முள், இரண்டு பக்கமும் ஒவ்வொரு முள், மூன்றையும் விறைத்துக்கொண்டு நிற்கும். தேளி என்று ஒன்று உண்டு, கறுத்து நீளமாக இருக்கும், அது குத்தினால் பெயருக்கு ஏற்றபடி தேள் கொட்டிய மாதிரி கடுக்கும், அதன் முள்ளில் விஷம் இருக்கிறது. குத்திவிட்டால் தாங்குகிற சூட்டில் வெந்நீரில் கையை வைத்திருந்தால் வலி குறையும், பிள்ளைக்குக் குத்தினால் அதோடு நிற்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விடுங்கள். கறுப்பாக மீசையோடு எது வந்தாலும் அவன் தொடாமல் உங்களைக் கூப்பிடட்டும்.


கோவை_தக்கை:

இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மேப்பில் குறிக்கக் கேட்டதை விட்டுவிடுகிறேன், மீன்பாசி அண்ணன் சொன்னது நியாயம். நேற்று மச்சானிடம் பேசினேன். அவர்கள் ஊர்க் கண்மாய் இந்த வருடம் குத்தகையில்தான் இருக்கிறதாம், எடுத்தவர் பக்கத்துத் தெருக்காரர், பொங்கலுக்கு முதல் நாள் போய்ப் பார்த்துப் பேசலாம் என்றார். தண்ணீர் முக்கால் கண்மாய் நிற்கிறது, கலுங்கு வழியவில்லை. பையனுக்கு மடைக்கு வெளியே இருக்கும் அந்தத் தொட்டி, எனக்கு மத்தியான வெயிலில் ஆம்பல் ஓரம் என்று முடிவு செய்திருக்கிறேன்.

இரண்டு சந்தேகம். பையனுக்கு ராடும் ரீலும் கொடுப்பதா, மூங்கில் கோலா? மண்புழு அங்கே கிடைக்குமா, இங்கிருந்தே வாங்கி வர வேண்டுமா? அப்புறம் அந்தக் கண்மாய் அழியும் மீன்பிடித் திருவிழாவைப் பற்றிப் படித்ததில் இருந்து கோடையிலும் வரவேண்டும் போல் இருக்கிறது, வெளியூர்க்காரர்களை இறங்க விடுவார்களா?


கலுங்கடி:

மூங்கில் கோல்தான் தம்பி. 8 அடிக்கு மெல்லிய கோல், கோலின் நீளத்துக்கே நரம்பு, அதற்கு மேல் வேண்டாம். ரீல் இருந்தால் அவன் தூர எறிவதிலேயே இருப்பான், மீன் காலடியில் நிற்கும். தக்கைக்கு மயிலிறகுக் காம்போ சோளத்தட்டையோ ஒரு துண்டு, கொஞ்சம் ஈயம், சின்ன முள். முள் பெரிதாக இருந்தால் கெண்டை புழுவை மட்டும் உருவிக்கொண்டு போய்விடும். கரை மேல் மின்கம்பி போகிறதா என்று பார்த்துவிட்டுக் கோலைத் தூக்கச் சொல்லுங்கள், உங்கள் கார்பன் ராடுக்கு அது இன்னும் முக்கியம், கம்பியில் பட்டால் மின்சாரம் அப்படியே இறங்கும்.

புழு வாங்கி வர வேண்டியதில்லை. எருக்குழி ஓரத்திலும் வாழையடியிலும் கொத்தினால் வேண்டிய அளவு கிடைக்கும். ஈர மண்ணோடு கொட்டாங்கச்சியில் போட்டு நிழலில் வையுங்கள்.

கண்மாய் அழியும்போது யார் வேண்டுமானாலும் இறங்கலாம், அதற்குத்தானே சுற்று ஊருக்கெல்லாம் சொல்கிறார்கள். தூண்டில் அங்கே உதவாது. ஊத்தா வேண்டும், மூங்கில் குச்சியில் மேலும் கீழும் திறந்தபடி பின்னிய கூடை. கலங்கிய தண்ணீரில் அதைக் குத்திக் கவிழ்த்து, உள்ளே மீன் முட்டுவது தெரிந்தால் மேல் வாய் வழியாகக் கையை விட்டு எடுப்பது. உங்கள் மச்சான் வீட்டுப் பரணில் ஒன்று கிடக்கும். நாள் முன்கூட்டியே தெரியாது, தண்ணீர் குறைவதைப் பார்த்து ஒரு வாரம் முன்னால்தான் சொல்வார்கள், பெரும்பாலும் பங்குனியில் இருந்து வைகாசிக்குள். பிள்ளையைக் கூட்டி வந்தால் ஓரத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள், துண்டு வீசியதும் ஓடுகிற கூட்டத்தில் சின்னப் பிள்ளைகள் விழுந்துவிடுவார்கள். முதல் ஓட்டம் அடங்கிய பிறகு இறங்கினாலும் மீன் இருக்கும். விரால் அதற்குள் சேற்றில் புதைந்திருக்கும், ஆட்கள் மிதித்துக் கலக்கிய பிறகுதான் மேலே வரும்.


மேலூர்_விரால்:

ஊத்தா கிடைக்காவிட்டால் சொல்லுங்கள் நண்பரே, எங்கள் பக்கம் கோடைக்கு முன்னால் சந்தையில் பின்னி விற்பார்கள், ஒன்று வாங்கி வைக்கிறேன். பொங்கலுக்கு வரும்போது தவளையில் பச்சையும் கறுப்பும் எடுத்து வாருங்கள், ஆம்பல் தண்ணீரில் இந்த இரண்டு நிறம் போதும். முள் நுனி செடியில் மாட்டாமல் தவளையின் முதுகோடு ஒட்டி இருக்கிறதா என்று கட்டும்போதே பார்த்துவிடுங்கள்.